பல்பு எரியுதா? பல்பு வாங்காதீங்க!



இந்த வாரம் நம்ம மேட்டர், டேஷ்போர்டுல எரியுற ஒரு குட்டி மஞ்சள் விளக்கு. இன்ஜின் படம் போட்டிருக்கும். தூரத்துல இருந்து பார்த்தா தோட்டத்து மோட்டார் மாதிரி தெரியும். 'செக் இன்ஜின்'னு செல்லப் பேரு. அது எரிஞ்சதும் ஓனர் முகம் மாறும். பட்டறைக்குப் போனதும் பர்ஸ் மாறும். அந்த விளக்கு உண்மையில என்ன சொல்ல வருதுன்னு தெரிஞ்சுக்கிட்டா பாதிப் பணம் மிச்சம். வாங்க, பானெட்டைத் தூக்குவோம்!

விளக்கு வந்த கதை

இதோட பூர்வீகம் அமெரிக்காவுல கலிஃபோர்னியா. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்துல 1940கள்ல இருந்தே கண்ணெரிச்சல் கொடுக்குற புகைமூட்டம். ஆரி ஹாகன்-ஸ்மிட்ங்கிற விஞ்ஞானி, வண்டிப் புகையும் வெயிலும் சேர்ந்துதான் அந்த மூட்டத்தை உண்டாக்குதுன்னு 1950கள்ல விளக்கினார். 1967-ல கலிஃபோர்னியாவுல காற்று வளத்துக்குன்னே தனி வாரியம் வந்தது. 'வண்டி விக்கும்போது மட்டும் சுத்தமா இருந்தா போதாது. ஓடி ஓடிக் கிழடான பிறகும் புகை கட்டுப்பாட்டுல இருக்கணும். இல்லேன்னா வண்டியே ஓட்டுறவருக்குச் சொல்லணும்'னு முடிவு பண்ணினாங்க. அப்படித்தான் 1988 மாடல் வண்டிகள்ல இருந்து ஓ.பி.டி.-1 வந்தது. அதாவது, வண்டிக்குள்ளேயே உட்கார்ந்து வண்டியை நோட்டம் விடுற ஏற்பாடு.

அந்தக் காலத்து ஸ்கேனர் என்ன தெரியுமா? பேப்பர் கிளிப்! 1980கள், 90களின் ஆரம்பத்துல வந்த ஜெனரல் மோட்டார்ஸ் பிக்கப் டிரக்குகள்ல ஸ்டீயரிங்குக்குக் கீழ ஒரு கனெக்டர் இருக்கும். அதுல 'ஏ', 'பி' ரெண்டு ஓட்டைகளையும் ஒரு கம்பியால இணைச்சு, சாவியை ஆன் பண்ணினா விளக்கு கண்ணடிக்க ஆரம்பிக்கும். ஒரு தடவை மின்னி, கொஞ்சம் நிறுத்தி, ரெண்டு தடவை மின்னினா 12. அது 'நான் முழிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன்'னு அர்த்தம். அதுக்கப்புறம் வர்ற எண்கள்தான் கோளாறு. பழைய டொயோட்டா பிக்கப்லயும் இதே மாதிரி ரெண்டு பின்னை இணைச்சு எண்ணுற வித்தை உண்டு.

பிரச்னை என்னன்னா, ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒவ்வொரு பாஷை. அதனால 1996 மாடல்ல இருந்து அமெரிக்காவுல எல்லாக் கார்களுக்கும் சின்ன டிரக்குகளுக்கும் ஒரே மாதிரி 16 பின் கனெக்டர், ஒரே மாதிரி கோட். அதுதான் ஓ.பி.டி.-2. நம்ம நாட்டுல பி.எஸ்.-4 கார்கள், சின்ன சரக்கு வண்டிகளுக்கு 2010 ஏப்ரல்ல ஓ.பி.டி.-1, 2013 ஏப்ரல்ல ஓ.பி.டி.-2 வந்தது. ஆக, மார்க்கெட்டுல காய்கறி மூட்டையோட நிக்கிற பத்துப் பன்னிரண்டு வயசு பிக்கப்பும் பேசும். கேட்கத்தான் ஆள் வேணும்.

கோட் படிப்போமா?

உதாரணத்துக்கு பி-0087. முதல் எழுத்து 'பி' வந்தா இன்ஜின், கியர் பாக்ஸ் சமாச்சாரம். அடுத்த எண் 0-ன்னா எல்லாக் கம்பெனிக்கும் பொதுவான கோட். 1-ன்னா அந்தக் கம்பெனியோட சொந்த கோட். மூணாவது இடத்துல இருக்குற எண் ஏரியாவைச் சொல்லும். 0, 1, 2 வந்தா எரிபொருள், காத்து சம்பந்தப்பட்டது. 3 மிஸ்ஸிங். 4 புகைக் கட்டுப்பாடு. 5 ஐடிலிங், வேகம். 6 கம்ப்யூட்டர். 7 கியர் பாக்ஸ். கடைசி ரெண்டு எண் குறிப்பா எந்தக் கோளாறுன்னு சொல்லும்.

பி-0087-க்கு அர்த்தம், 'எரிபொருள் ரெயில்ல அழுத்தம் கம்மி'. இங்கதான் எல்லாரும் சறுக்குறாங்க. கோட் சொன்னது 'அழுத்தம் கம்மி'. 'பம்ப் போச்சு'ன்னு அது சொல்லவே இல்லை!

நம்ம பாஷையில சொல்லணும்னா, மார்க் ஷீட்ல 'ஆர்.ஏ.'ன்னு வர்ற மாதிரி. எந்த பேப்பர்ல போச்சுன்னு மட்டும்தான் அதுல இருக்கும். படிக்காம போச்சா, காய்ச்சலோட எழுதினதால போச்சா, கேள்வித்தாளே சிலபஸைத் தாண்டி வந்ததாங்கிறது அதுல இருக்காது. அதைப் பார்த்துட்டு, 'பையனுக்கு மூளையை மாத்துங்க'ன்னு ஒருத்தர் சொன்னா எப்படி இருக்கும்? கோட் பார்த்த உடனே பார்ட்ஸை மாத்துறதும் அப்படித்தான்.

ஐடிலிங்னா ஏன் இவ்ளோ சென்சிட்டிவ்?

ஆக்சிலரேட்டர்ல இருந்து காலை எடுத்துட்டு, நியூட்ரல்ல வண்டி சும்மா நிக்கும்போது இன்ஜின் ஓடுற ஓட்டம்தான் ஐடிலிங். சின்ன டீசல் இன்ஜின்ல பெரும்பாலும் 750-ல இருந்து 850 ஆர்.பி.எம். வரை இருக்கும். அது ஒரே சீரா இல்லாம, ஊய்ங்... ஊய்ங்...னு ஏறி இறங்கினா 'ஹன்ட்டிங்'.

கோளாறு இருக்குற இன்ஜின் நெடுஞ்சாலையில ஜம்முனு ஓடி, சிக்னல்ல நிக்கும்போது மட்டும் நடுங்குறது ஏன்? லட்ச ரூபாய் சம்பளக்காரருக்கு நூறு ரூபாய் தொலைஞ்சா தெரியாது. மாசக் கடைசியில ஹாஸ்டல் பையனுக்குத் தொலைஞ்சா? மெஸ்ஸே கட்! ஐடிலிங்ல ஒவ்வொரு தடவையும் உள்ளே போற டீசல் ரொம்ப ரொம்பக் கொஞ்சம். அதுல துளி வித்தியாசம் வந்தாலும் விகிதத்துல பார்த்தா பெரிசு. வேகமா சுத்தும்போது இருக்குற உந்துதலும் அப்போ கிடையாது. அதனாலதான் நல்ல மெக்கானிக் வண்டியை ஓட்டிப் பார்க்குறதுக்கு முன்னாடி, ஓட விட்டு நின்னு கேட்பார்.

ஒரு பிக்கப், மூணு பட்டறை

தியரி போதும். நிஜத்துல நடந்ததைச் சொல்றேன்.

ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுல இருந்து கேரளாவுக்குக் காய்கறி நடை அடிக்கிற ஒரு அண்ணன், எங்க தெருவுக்காரர். ஓனரும் அவரே, டிரைவரும் அவரே. பத்து வருஷத்துக்கு மேல ஓடின டீசல் பிக்கப். தக்காளி ஏத்தின வண்டி விடியறதுக்குள்ள போய்ச் சேரலேன்னா விலை பாதி. ரெண்டு தடவை லேட்டானா வியாபாரி அடுத்த வண்டிக்குப் போன் போட்டுடுவார். அவரோட பொண்ணு நர்சிங் முதல் வருஷம். ஃபீஸ் கட்ட கெடு நெருங்குற நேரம்.

அப்போ பார்த்து வண்டி மக்கர். காலையில நாலஞ்சு தடவை செல்ஃப் அடிச்சாத்தான் ஸ்டார்ட் ஆகுது. ஐடிலிங்ல முள்ளு 700-க்கும் 1,000-க்கும் நடுவுல ஊஞ்சல் ஆடுது. லோடோட மேடு ஏறினா மஞ்சள் விளக்கு எரிஞ்சு, வண்டி 'இதுக்கு மேல நான் வரமாட்டேன்'னு அடம்பிடிக்குது.

முதல் பட்டறையில ஸ்கேனர் போட்டாங்க. பி-0087. "ரெயில் சென்சார்ணே"னு மாத்தினாங்க. காசு போச்சு, கோளாறு போகலை. ரெண்டாவது பட்டறையில, "ஹை பிரஷர் பம்ப், நாலு இன்ஜெக்டர் எல்லாம் சேர்த்து நாப்பதாயிரத்துக்கு மேல ஆகும்"னு சொல்லிட்டாங்க. அவங்களைத் திட்டுறதுக்காக இதைச் சொல்லலை. வரிசையா பத்து வண்டி நிக்கும்போது, யோசிக்கிறதைவிட மாத்திப் பார்க்குறது சுலபம். ஆனா, அந்தப் பரீட்சைக்கான ஃபீஸை வண்டிக்காரர்தானே கட்டுறார்?

"வண்டிய வித்துடலாம்னு இருக்கேன் தம்பி. நீ படிக்கிறியே, என்னன்னு பாரேன்"னாரு. மூணாவது வருஷ மெக்கானிக்கல் மாணவன் கையில அவ்ளோ பெரிய பொறுப்பா? பழைய லாரி பம்ப் வேலையில ஊறின ஒரு பெரியவரோட பட்டறைக்கு ரெண்டு பேரும் போனோம். நோட்டும் பேனாவும் என் கையில.

பெரியவர் ஸ்பேனரைத் தொடவே இல்லை. கேள்விதான் கேட்டார்.

"காலையில மட்டும்தான் தகராறா, மத்தியானமும் உண்டா?"

"காலையிலதாங்கய்யா. மத்தியானம் நிறுத்தி எடுத்தா உடனே ஸ்டார்ட் ஆயிடும்."

"ராத்திரி வண்டிய எங்க நிறுத்துவீங்க?"

"வீட்டு முன்னாடி. அங்க கொஞ்சம் மேடு."

"மூஞ்சி மேலயா, கீழயா?"

அண்ணன் யோசிச்சார். "மூஞ்சி மேலதாங்கய்யா. ஆனா நீங்க சொன்ன பிறகுதான் ஞாபகம் வருது. மார்க்கெட்டுல இறக்கத்துல மூஞ்சிய கீழ வெச்சு நிறுத்தின அன்னிக்கு மட்டும் டக்குனு எடுத்துச்சு!"

பெரியவர் லேசா சிரிச்சார். "ஏர் எடுக்குது"ன்னார்.

காத்து செய்யுற கலாட்டா

இப்ப நாம கொஞ்சம் யோசிப்போம். இந்த மாதிரி வண்டிகள் பலதுல டீசல் டேங்க்ல தனி மோட்டார் கிடையாது. இன்ஜின்ல இருக்குற பம்ப்தான் டேங்க்ல இருந்து டீசலை உறிஞ்சும். ஸ்ட்ரா போட்டு இளநி குடிக்கிற மாதிரி. ஸ்ட்ராவுல ஒரு ஓட்டை விழுந்தா என்ன ஆகும்? இளநி வெளியே சிந்தாது. காத்துதான் உள்ளே போகும். டீசல் லைன்லயும் அதே கதை. வெளியே ஒரு சொட்டு ஒழுகாது. அதனால பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

ராத்திரி வண்டி சும்மா நிக்கும்போது, அந்த ஓட்டை வழியா காத்து புகுந்து, லைன்ல இருக்குற டீசல் டேங்குக்கே திரும்பி இறங்கிடும். வண்டி மூஞ்சி மேல இருந்தா இன்னும் சுலபமா இறங்கும். காலையில பம்ப் முதல்ல காத்தை இழுத்து முடிச்ச பிறகுதான் டீசல் வரும். அதுதான் நாலஞ்சு செல்ஃப்!

சரி, ஊஞ்சல் ஏன்? திரவத்தை அழுத்தினா அழுத்தம் சட்டுனு ஏறும். காத்துக்குமிழியை அழுத்தினா அது சுருங்கி டபாய்க்கும். பம்புக்குள்ள குமிழி வந்ததும் ரெயில் அழுத்தம் இறங்குது. கம்ப்யூட்டர் பதறிப்போய் மீட்டரிங் வால்வை இன்னும் திறக்குது. அந்த நேரம் பார்த்து குமிழி இல்லாத டீசல் வந்து சேருது. அழுத்தம் தேவைக்கு மேல ஏறுது. 'ஐயய்யோ'ன்னு வால்வை மூடுது. அடுத்த குமிழி வருது. மறுபடியும் முதல்ல இருந்து!

கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் பேப்பர்ல 'ஃபீட்பேக் லூப்', 'ஓவர்ஷூட்', 'ஆசிலேஷன்'னு கோடு கோடா வரைவோமே... அந்தப் படம்தாங்க பட்டறை ஸ்கேனர் திரையில ஓடுச்சு. கம்ப்யூட்டர் கேட்குற அழுத்தம் ஒரே நேர்கோடு. கிடைக்கிற அழுத்தம் பாம்பு மாதிரி நெளியுது. இது எதுக்குப் பயன்படும்னு கடைசி பெஞ்ச்ல உட்கார்ந்து கேட்டவங்க எல்லாம் கை தூக்குங்க!

லோடுல விளக்கு எரிஞ்சதுக்கும் இதுதான் காரணம். மேடு ஏற டீசல் அதிகம் வேணும். பம்ப் பலமா உறிஞ்சும். பலமா உறிஞ்சினா ஓட்டையில காத்தும் அதிகமா வரும். கேட்ட அழுத்தம் கிடைக்கலை. கோட் விழுந்தது. மூணு அறிகுறிக்கும் ஒரே காரணம் பொருந்துது பாருங்க. நல்ல டயக்னோசிஸ்னா அதுதான்.

ஆனாலும் பெரியவர் பொருத்தத்தோட நிறுத்தலை. நிரூபிச்சார். ஃபில்டருக்கும் பம்புக்கும் நடுவுல ஒரு அடி நீளத்துக்குக் கண்ணாடி மாதிரி தெரியுற ட்யூபைப் போட்டு இன்ஜினை ஓட விட்டார். வரிசையா குமிழி. சோடா பாட்டில் தோத்துச்சு! அடுத்து, அதே ட்யூபை ஃபில்டருக்கு முன்னாடி, டேங்க் பக்கம் மாத்தினார். சுத்தமான டீசல். குமிழியே இல்லை.

இப்ப சொல்லுங்க, ஓட்டை எங்கே? ஃபில்டருக்கு முன்னாடி இல்லை, பின்னாடி இருக்கு. அப்போ ஃபில்டர் தலைப்பகுதியிலதான். கழட்டிப் பார்த்தா, கையால பம்ப் அடிக்கிற பிரைமரோட ரப்பர் வயசாகி, விறைச்சு, விரிசல் விட்டிருக்கு. பிரைமரும் ஓ ரிங்கும் புதுசு. மொத்தச் செலவு ரெண்டாயிரத்துக்குள்ள. ஏற்கெனவே மாத்தின சென்சார் விலை அதைவிட ஜாஸ்தி!

மாத்தி, பம்ப் அடிச்சுக் காத்தை வெளியேத்தி, ஸ்டார்ட் பண்ணினதும் முள்ளு 800-ல ஆணி அடிச்ச மாதிரி நின்னுச்சு. அப்புறம்தான் கோடை அழிச்சார். "இன்னிக்கு லோடு ஏத்தி மேடு ஏறுங்க. ராத்திரி அதே இடத்துல, மூஞ்சி மேல வெச்சு நிறுத்துங்க. காலையில ஒரே செல்ஃப்ல எடுத்தாத்தான் வேலை முடிஞ்சதுன்னு அர்த்தம். அப்ப வந்து காசு கொடுங்க"ன்னார். மறுநாள் விடியக்காலை நாலு மணிக்கு அண்ணன்கிட்ட இருந்து போன். "தம்பி, ஒரே செல்ஃப்!" அவ்ளோதான் பேசினார். அப்புறம் வண்டிச் சத்தம் மட்டும்தான் கேட்டுச்சு. ஃபீஸும் அந்த மாசமே கட்டிட்டார்.

உங்க வண்டிக்கு... வரிசை முக்கியம் அமைச்சரே!

எல்லா வண்டியிலயும் காத்துதான் வில்லன்னு நினைச்சுடாதீங்க. ஆனா, தேடுற வரிசை எல்லாத்துக்கும் ஒண்ணுதான். காசில்லாம பார்க்கக்கூடியது முதல்ல, காசு கேட்குறது கடைசியில.

1. அழிக்காதீங்க, எழுதுங்க. கோடோட சேர்ந்து 'ஃப்ரீஸ் ஃப்ரேம்'னு ஒண்ணு பதிவாகும். கோளாறு நடந்த அந்த நிமிஷத்துல வேகம் என்ன, ஆர்.பி.எம். என்ன, லோடு என்ன, இன்ஜின் சூடு என்னன்னு எடுத்த போட்டோ மாதிரி. கோடை அழிச்சா அதுவும் போயிடும்.

2. ஓட்டுறவர்கிட்ட கேளுங்க. காலையிலா, சூடானப்புறமா? காலியாவா, லோடோடயா? கடைசியா என்ன வேலை பார்த்தீங்க? பெரியவரோட 'மூஞ்சி மேலயா, கீழயா?' கேள்விக்கு எந்த ஸ்கேனர்லயும் பட்டன் கிடையாது.

3. பேட்டரியும் எர்த்தும். வண்டி நிக்கும்போது 12.6 வோல்ட், ஓடும்போது கிட்டத்தட்ட 14. செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழ இறங்கினா முதல்ல பேட்டரியைக் கவனிங்க. பழைய வண்டியில துருப்பிடிச்ச எர்த் ஒயர் ஒண்ணு போதும், நல்ல சென்சார்களை எல்லாம் பொய் சொல்ல வைக்கும்.

4. ஃபில்டர், தண்ணி. கடைசியா ஃபில்டர் எப்ப மாத்தினாங்க? அடியில தண்ணி வடிகட்டினாங்களா? அடைச்ச ஃபில்டரும் இதே பி-0087 கொடுக்கும்.

5. காத்து. மேல சொன்ன கண்ணாடி ட்யூப் வித்தை.

6. இ.ஜி.ஆர். வால்வு. புகையில ஒரு பங்கைத் திரும்ப இன்ஜினுக்கே அனுப்புற வால்வு. கரி பிடிச்சுத் திறந்தபடியே மாட்டிக்கிட்டா ஐடிலிங்ல உதறும், கரும்புகை வரும். பி-0401, பி-0402 வந்தா இங்க பாருங்க.

7. இன்ஜெக்டர் ரிட்டர்ன். நாலு இன்ஜெக்டரோட ரிட்டர்ன் குழாய்களையும் நாலு பாட்டில்ல விட்டு, சில நிமிஷம் ஐடிலிங்ல ஓட விடணும். ஒரு பாட்டில் மட்டும் வேகமா நிறைஞ்சா அந்த இன்ஜெக்டர்தான் ஆசாமி. நாலையும் மாத்த வேண்டியதில்லை.

8. மீட்டரிங் வால்வு, சென்சார், கடைசியா பம்ப். இதுவரைக்கும் எதுவும் சிக்கலேன்னாத்தான் பெரிய பில்.

பெட்ரோல் வண்டியா? வில்லன்கள் வேற. பெட்ரோல் இன்ஜின் காத்தை அளந்து உள்ளே விடும். அளக்காத காத்து எங்கேயாவது விரிசல் விட்ட வேக்குவம் ஹோஸ் வழியா நுழைஞ்சா ஐடிலிங் ஆடும். கலவையில பெட்ரோல் கம்மின்னு பி-0171 வரும். த்ராட்டில் பாடியில கரி படிஞ்சாலும், ஐடிலிங் காத்தைக் கட்டுப்படுத்துற வால்வு மாட்டிக்கிட்டாலும் பி-0505 வரலாம். பி-0300 மிஸ்ஸிங். ஸ்பார்க் பிளக், காயில்ல இருந்து ஆரம்பிங்க. பெட்ரோல் வண்டியில மஞ்சள் விளக்கு விட்டு விட்டு மின்னினா அது சீரியஸ் மிஸ்ஸிங். எரியாத பெட்ரோல் சைலன்ஸர் பக்கம் போய் கேட்டலிடிக் கன்வெர்ட்டரையே பொசுக்கிடும். ஓரம் கட்டிடுங்க.

பெரிய லாரியா? அதோட பாஷையே வேற. பி-கோடுக்குப் பதிலா எஸ்.பி.என்., எஃப்.எம்.ஐ.னு ரெண்டு எண் வரும். முதல் எண் எந்த விஷயம்னு சொல்லும். ரெண்டாவது அதுக்கு என்ன ஆச்சுன்னு சொல்லும். எஸ்.பி.என். 157 ரெயில் அழுத்தம். எஃப்.எம்.ஐ. 1 வந்தா ஆபத்தான அளவுக்குக் கம்மி. 3 அல்லது 4 வந்தா வோல்டேஜ் தகராறு, அதாவது ஒயரிங்ல இருந்து தேட ஆரம்பிக்கலாம். இன்னொண்ணு, லாரியில 24 வோல்ட். கார்ல சொருகுற மலிவு விலை இ.எல்.எம்.-327 அடாப்டரை அதுல ஆராயாம சொருகினா புகை வர்றது இன்ஜின்ல இருந்து இல்ல, அடாப்டர்ல இருந்து!

சீரியஸா ஒரு நிமிஷம்

டீசல் காமன் ரெயில்ல விளையாட்டு வேண்டாம் மக்களே. ஐடிலிங்லயே ரெயில் அழுத்தம் 250, 300 பாருக்குப் பக்கத்துல இருக்கும். முழு லோடுல 1,600 பார் வரை போற வண்டிகள் உண்டு. கார் டயர்ல இருக்குறது சுமார் 2 பார்தான், கணக்குப் போட்டுக்கோங்க. ஓடுற இன்ஜின்ல அந்த இரும்புக் குழாய் நட்டைத் தளர்த்தினா, கண்ணுக்குத் தெரியாத நூல் மாதிரி டீசல் பீறிடும். தோலைத் துளைச்சு உள்ளே இறங்கிடும். வெளியே ஊசி குத்தின புள்ளி மாதிரிதான் இருக்கும், உள்ளே சதை அழுகும். உடனே ஆபரேஷன் பண்ணலேன்னா விரலையே எடுக்க வேண்டி வரலாம். பழைய காலத்து லாரியில நாலு நட்டையும் ஒண்ணொண்ணா தளர்த்திப் பார்த்து மிஸ்ஸிங் கண்டுபிடிப்பாங்க. அந்த வித்தையை இங்க காட்டவே கூடாது. கசிவு இருக்கான்னு கையை வெச்சுத் தடவிப் பார்க்கவும் கூடாது. உறிஞ்சுற பக்கம், ரிட்டர்ன் பக்கம் மட்டும்தான் நம்ம எல்லை. அதுவும் விவரம் தெரிஞ்சவர் பக்கத்துல இருக்கும்போது.

செகண்ட் ஹேண்ட் வாங்கப் போறீங்களா?

அப்பாவோ மாமாவோ பழைய வண்டி பார்க்கப் போனா கூடவே போங்க. இன்ஜினை ஸ்டார்ட் பண்ணாம சாவியை மட்டும் ஆன் பண்ணுங்க. மஞ்சள் விளக்கு எரியணும். ஸ்டார்ட் ஆனதும் அணையணும். சாவி போட்டும் எரியவே இல்லேன்னா, பல்பையே யாரோ புடுங்கிட்டாங்கன்னு சந்தேகப்படுங்க. விக்கிறவர் கோடை அழிச்சுட்டு, கைப்புள்ள மாதிரி 'எதுவுமே நடக்கலையே'ன்னு நிக்கலாம். ஸ்கேனர்ல 'ரெடினஸ்'ங்கிற பகுதியைப் பாருங்க. சோதனைகள் பலதும் 'முடியலை'ன்னு காட்டினா, சமீபத்துல யாரோ கோடை அழிச்சிருக்கலாம், இல்லேன்னா பேட்டரியைக் கழட்டியிருக்கலாம். கோளாறு நிஜமாவே சரியாயிருந்தா, தொடர்ந்து மூணு ஓட்டம் சுத்தமா ஓடின பிறகு விளக்கு தானாவே அணையும். கோடும் 40 தடவை இன்ஜின் சூடாகி ஆறின பிறகு தானாவே மறையும். அழிக்க அவசரப்பட வேண்டியதே இல்லை.

இந்த வார ஹோம் ஒர்க்

உங்க தெருவுலயும் ஒரு பழைய பிக்கப் இருக்கும். மஞ்சள் விளக்கு எரிஞ்சுக்கிட்டே ஓடும். அந்த ஓனர்கிட்ட போய் 'நான் இன்ஜினீயரிங் படிக்கிறேன், நகருங்க'ன்னு உதார் விடாதீங்க. ஒரு நோட்டும் பேனாவும் எடுத்துட்டுப் போய், 'எப்போ ஆரம்பிச்சது அண்ணே? காலையிலயா, சாயங்காலமா?'ன்னு ஆரம்பிங்க. கேட்டதை எழுதி, அவர் கையில கொடுத்து பட்டறைக்கு அனுப்புங்க. 'பம்பை மாத்தணும்'னு யாராவது சொன்னா, 'எந்த டெஸ்ட்ல தெரிஞ்சது?'ன்னு மரியாதையா ஒரே ஒரு கேள்வி கேட்கச் சொல்லுங்க. நாலு வருஷப் படிப்புக்கு முதல் சம்பளம் வர்றதுக்கு முன்னாடியே, ஒரு வீட்டுல நாப்பதாயிரம் ரூபாய் மிச்சமாகும்.

அடுத்த வாரம்: செல்ஃப் அடிச்சா 'டக்'னு ஒரு சத்தம் மட்டும் வருதே... பேட்டரியா, ஸ்டார்ட்டர் மோட்டாரா, நடுவுல இருக்குற ஒயரா? ஒரே ஒரு மல்டிமீட்டரை வெச்சு மூணு பேரையும் விசாரிப்போம். வர்ட்டா!